மகாராணி திரும்பிப் பார்க்கவில்லை

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நான் நலம். அங்கே எல்லோரும் நலமா என்று கேட்கும் வழக்கத்தை இந்த ஒரு தடவை விட்டுவிடுகிறேன். முந்தாநாள் வரை நானே கூட இருந்து பார்த்தேனே.

ஒரு வாரம் தங்குவதாக வந்தவள் பாதியிலேயே பெட்டியைத் தூக்கியது ஏன் என்று அண்ணன் போனில் கேட்டார். பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்ய ஆள் இல்லை, அவசரமாகக் கூப்பிட்டார்கள் என்று சொல்லிவைத்தேன். அது பொய் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களிடமும் போனிலேயே பேசலாம்தான். ஆனால் உங்கள் வீட்டில் போனை எடுத்தால் மூன்று பிள்ளைகளும் பிடுங்குவார்கள், நாலாவதாக அண்ணன் வந்து சமாதானம் பேசுவார். கடிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது.

உங்கள் மூத்தவன், ஏழு வயதிலேயே வீடே வக்கீல் என்று கூப்பிடுகிறதே, அந்தப் பிள்ளை என் சீருடையின் கழுத்துத் துணியைக் கத்தரித்து, பால்கனியிலிருந்து பொம்மை இறக்கும் லிஃப்டுக்குக் கயிறு கட்டினான். அப்பா லிஃப்ட் மெக்கானிக் என்றால் பிள்ளைக்கும் அந்தக் கை வரும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏன் என்று கேட்டதற்கு, "லீவுல வந்தவங்க யூனிஃபார்ம் எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க?" என்று என்னையே குறுக்கு விசாரணை செய்தான். கடைக்குட்டி புல்டோசர், என் செருப்புக்குப் பசிக்கும் என்று பாலில் நனைத்த ரொட்டியை அதற்குள் திணித்தான். என் மூக்குக்கண்ணாடி, துணி துவைக்கும் மெஷினுக்குள் கிடைத்தது, துவைத்து முடித்த பிறகு.

இதெல்லாம் போகட்டும். கீழ்வீட்டுப் பல் டாக்டரின் மனைவி காதுபட, "கல்யாணம் காட்சின்னு இல்லாம தனியாவே இருந்துட்டா, பிள்ளைங்க சத்தம் ஒத்துக்காது" என்று சிரித்தீர்களே, அதற்குத்தான் பெட்டியை எடுத்தேன்.

இன்னொன்று. இதை மட்டும் கோபத்தில் எழுதவில்லை. நடுப்பிள்ளை மகாராணியை ஒரு காது டாக்டரிடம் காட்டுங்கள். பின்னாலிருந்து கூப்பிட்ட ஒரு தடவைகூட அவள் திரும்பவில்லை. நாலு வயது ஆகப்போகிறது. அவள் பேசுவது உங்களுக்கே புரியாமல் வக்கீல்தான் மொழிபெயர்க்கிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 18

நாத்தனாருக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்வதுதான் மரியாதை.

உன் கடிதம் முதலில் புல்டோசர் கையில் கிடைத்தது. ஒரு மூலையைத் தின்றுவிட்டான். மிச்சத்தைப் படித்த பிறகு, முழுவதையும் தின்றிருக்கலாமே என்று தோன்றியது.

நீ குறை சொன்னாய், நானும் சொல்கிறேன். காலையில் நீ குளியலறைக்குள் போனால் வெளியே வர ஒரு யுகம் ஆனது. கதவுக்கு வெளியே இவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். புல்டோசர் மட்டும் அவஸ்தைப்படவில்லை, நின்ற இடத்திலேயே முடித்துக்கொண்டான். பிள்ளைகளின் துணிகளை எல்லாம் நிறவாரியாக அடுக்கி வைத்தாய். இன்றுவரை ஒரு ஜோடி காலுறை கிடைக்கவில்லை. "சாப்பாடு தயாராக உள்ளது" என்று நீ உன் பேருந்து நிலையக் குரலில் அறிவித்தபோது, கீழே பல் டாக்டரிடம் வந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்களாம். நான் தையல் மெஷினில் உட்கார்ந்து ஊரில் உள்ள ஜன்னல்களுக்கெல்லாம் திரை தைத்துக்கொண்டே இந்த மூன்றையும் மேய்க்கிறேன். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை சிரிப்பாக வந்தால் அதற்குப் பெட்டியைத் தூக்குவாயா?

இரு, வருகிறேன்.

வந்துவிட்டேன். வக்கீல் பென்சில் முனையை மூக்குக்குள் விட்டுக்கொண்டு, அது அவன் மூக்குதானே என்று வாதாடுகிறான்.

என் மகளுக்குக் காது நன்றாகக் கேட்கும். பிஸ்கட் டப்பாவின் மூடியைத் தொட்டால் போதும், எதிரே வந்து நிற்பாள். மகாராணி என்று பெயர் வந்ததே எதனால்? ஊரே கூப்பிட்டாலும் அவளுக்கு இஷ்டம் இருந்தால்தான் திரும்புவாள். அது திமிர். உங்கள் குடும்பத்துத் திமிர், எங்கிருந்து வந்தது என்று நான் தேட வேண்டியதில்லை. உன் அண்ணனும் லேட்டாகத்தான் பேசினார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். இப்போது அவரை நிறுத்த முடிகிறதா?

குடையை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். பத்திரமாக இருக்கிறது என்று எழுத ஆசைதான்.

அண்ணி


மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். மூக்கிலிருந்து பென்சில் முனை வெளியே வந்ததா என்று எழுதவும்.

குளியலறைக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். வேறெங்கே போய்த் தனியாக உட்காருவது என்று தெரியவில்லை, அதனால் உட்கார்ந்திருந்தேன். காலுறைக் குற்றத்தை ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் வரும்போதே அந்த வீட்டில் ஜோடி என்று ஒன்றும் கிடையாது.

பிஸ்கட் டப்பாவைப் பற்றி. அடுத்த தடவை திறக்கும்போது மகாராணியின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அவள் எப்போதும் உங்கள் கையைப் பார்த்தபடிதான் விளையாடுகிறாள். நான் கிளம்பிய அன்று அடுக்களையில் ஒரு தட்டு விழுந்தது நினைவிருக்கிறதா? நான் கை தவறிப் போட்டுவிட்டதாக முணுமுணுத்தீர்கள். கை தவறவில்லை, வேண்டுமென்றேதான் போட்டேன். புல்டோசர் வீறிட்டான். வக்கீல் ஓடிவந்து யார் போட்டது, யார் பார்த்தது என்று விசாரணை ஆரம்பித்தான். மகாராணி எனக்கு முதுகைக் காட்டிப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் கை ஒரு நொடிகூட நிற்கவில்லை.

நீங்கள் தைக்கும்போது அவள் மெஷின் மேசையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்கிறாள். அம்மா மேல் ஒட்டுதல் என்று எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படுகிறீர்கள். ஒட்டுதலும் இருக்கலாம். எனக்கென்னவோ அந்த வீட்டில் அவளுக்குப் புரிகிற ஒரே சத்தம் அந்த அதிர்வுதான் என்று படுகிறது. அவள் பெயர்கூட அவளுக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்.

அண்ணனிடம் நான் இதைப் பேசவில்லை. நீங்கள் பேசுவீர்கள் என்று விட்டிருக்கிறேன்.

புதுக் குடை வாங்கிவிட்டேன். பழையதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

நாத்தனார்


மார்ச் 15

நாத்தனாருக்கு,

இங்கே எல்லோரும் மிக மிக நலம். உன்னுடைய முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வயதாகும்போது வரத்தான் செய்யும்.

பென்சில் முனை தும்மலில் வெளியே வந்தது. வக்கீல் அதை ஒரு பெட்டியில் போட்டு ஆதாரம் என்று வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் போன வாரம் புது வழக்கு. டீச்சர் வகுப்பில் அமைதியாக இருக்கச் சொல்லியிருக்கிறார். "நீங்க பேசுறதும் சத்தம்தானே டீச்சர்" என்றானாம். உன் அண்ணனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். திட்டப் போன மனிதர், அங்கே பழுதாகிக் கிடந்த மணியைச் சரிசெய்துவிட்டு, டீச்சரோடு சிரித்துப் பேசிவிட்டு வந்தார்.

புல்டோசர் இப்போது நடப்பதில்லை, ஓட்டம்தான். ஒரு மருத்துவமனைக்குத் தைத்து வைத்திருந்த வெள்ளைத் திரையில் ஜாம் கையோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடினான். கைத்தடம் வரிசையாக, யாரோ அச்சுப் பதித்த மாதிரி இருந்தது. திரை கேட்டவர் வந்து பார்த்துவிட்டு, இந்த டிசைன் விலை அதிகமா என்று கேட்டார். நானும் வெட்கமில்லாமல் யோசித்தேன். அதே வாரம் அவன் ஒரு பித்தானை விழுங்கினான். அது வெளியே வரும்வரை உன் அண்ணன் அவன் பின்னாலேயே காவல் இருந்தார். வந்ததும் கழுவி எடுத்து வந்து, "தைக்கிறியா?" என்றார். உங்கள் குடும்பம் இப்படித்தான்.

வீடு நிறையச் சிரிப்பு. தனியாக இருப்பவர்களுக்கு எழுதினால் பொறாமைப்படுவார்கள் என்றுதான் இதையெல்லாம் நான் எழுதுவதில்லை. நீ கேட்டாயே என்று எழுதினேன்.

வேறு விசேஷம் எதுவும் இல்லை.

அண்ணி


மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

முழங்கால் நலம். விசாரித்த விதத்துக்கு நன்றி.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வக்கீல் இருந்தான், புல்டோசர் இருந்தான், அண்ணன் இருந்தார், மருத்துவமனைத் திரைகூட இருந்தது. மகாராணி எங்கே? இரண்டு பக்கத்தில் அவளுக்கு ஒரு வரி இடமில்லையா?

இந்த மாத முடிவுக்குள் நீங்கள் அவளை யாரிடமாவது காட்டவில்லை என்றால், அண்ணனிடம் நான் நேரடியாகச் சொல்லிவிடுவேன். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டால் சரியாகவே எடுத்துக்கொண்டீர்கள்.

நாத்தனார்


ஏப்ரல் 4

மதிப்பிற்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருங்கள், ஆனால் உங்கள் வீட்டில் இருங்கள்.

பெற்றவர்களுக்குப் பிள்ளையைத் தெரியும். பெறாதவர்களுக்கு அடுத்தவர் பிள்ளையின் குறை மட்டும்தான் தெரியும். ஆளில்லாத அறையில் உட்கார்ந்து மைக்கில் பேசுகிறீர்கள். யாராவது தலையைத் தூக்கிப் பார்த்தால் அன்றைக்கு உங்களுக்குப் பிறவிப் பயன். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அதுவும் கிடையாது. என் மகள் திரும்பிப் பார்க்கவில்லை என்பது உங்களுடைய வியாதி, அவளுடையது இல்லை.

அவரிடம் சொல்ல வேண்டுமென்றால் சொல்லுங்கள். சொன்ன பிறகு இந்த வீட்டுப் படியை நீங்கள் மிதிக்க வேண்டியதில்லை.

இனி எழுத வேண்டாம்.


ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் பிள்ளைகளும் நலம் என்று அண்ணன் சொல்லித் தெரியும். எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள், இத்தனை நாளும் எழுதவில்லை. இடையில் எனக்குக் காய்ச்சல் வேறு. குரல் கட்டிப்போய் நிலையத்தில் வேறொரு பெண் அறிவிப்பு செய்தாள். யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

அண்ணனிடம் நான் எதையும் சொல்லவில்லை. போனில் பிள்ளைகள் குறும்பைப் பற்றிப் பேசினார், கேட்டுக்கொண்டேன்.

இந்த மாதம் மகாராணிக்குப் பிறந்தநாள். இதோடு ஒரு சிறிய தோல் மேளம் அனுப்பியிருக்கிறேன். நாலு வயதுக்கு இதுதான் நன்றாக ஓடுகிறது என்று கடைக்காரர் சொன்னார். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரியும். எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.

நாத்தனார்


ஜூன் 21

நாத்தனாருக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? காய்ச்சல் என்று உன் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மேளம் வந்தது. அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். வேறு அர்த்தம்தான் எடுத்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீ உன் அண்ணன் வாயால் கேட்பதற்கு முன் நான் எழுதிவிடுகிறேன். அவர் சொன்னால் நகைச்சுவையாக ஆரம்பிப்பார், பிறகு முடிக்கத் தெரியாமல் நிற்பார்.

நான் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் பால்கனியில் வக்கீலுக்குப் புது லிஃப்ட் செய்துகொண்டிருந்தார். மெஷினை நிறுத்தியபோதுதான் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. குளியலறைக் கதவுக்குக் கீழே தண்ணீர் வழிந்து கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது, புல்டோசர் அதில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். மகாராணிக்குத் தாழ்ப்பாள் எட்டும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. உள்ளேயிருந்து போட்டுக்கொண்டுவிட்டாள்.

நான் தட்டினேன். வக்கீல் கத்தினான். உன் அண்ணன் வந்து, "ராணிம்மா, கதவத் திற, அப்பா வந்திருக்கேன்" என்று மெதுவாக ஆரம்பித்து, பிறகு இரண்டு கையாலும் இடித்தார். பல் டாக்டர் கூரையிலிருந்து ஒழுகுகிறது என்று வாளியோடு மேலே வந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் வந்தார்கள். ஆளுக்கொரு தடவை கூப்பிட்டார்கள். "மகாராணி நீராடிட்டு இருக்காங்க, தொந்தரவு பண்ணாதீங்க" என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கதவுக்குள்ளிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. சிரிப்பு அப்படியே தேய்ந்துபோனது. தலையில் அடிபட்டுக் கிடக்கிறாளோ என்று எல்லோரும் நினைத்தது எல்லோர் முகத்திலும் தெரிந்தது.

அவர் பையிலிருந்து சாமான்களை எடுத்துக் கீலை நெம்பிப் பெயர்த்தார். கதவு உள்பக்கமாகச் சரிந்து, அவளுக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் விழுந்தது. கட்டடமே அதிர்ந்திருக்கும். அவள் முதுகைக் காட்டித் தண்ணீரில் உட்கார்ந்து என் நூல்கண்டுகளை மிதக்க விட்டுக்கொண்டிருந்தாள். அலை வந்து கண்டுகள் ஆடியபோதுதான் திரும்பினாள். எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்து, அப்பாவிடம் ஒரு சிவப்பு நூல்கண்டை நீட்டினாள்.

வந்தவர்கள் மறுபடியும் சிரித்தார்கள். பிள்ளை நல்லபடியாக இருக்கிறாள் என்ற சிரிப்பு. உன் அண்ணன் சிரிக்கவில்லை. போட்டிருந்த துணியோடு அந்தத் தண்ணீரில் உட்கார்ந்தார். கூட்டம் போன பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

நான் குனிந்து நூல்கண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

டாக்டரைப் பார்க்க நாள் வாங்கியிருக்கிறார். நீ வர வேண்டாம். இதைப் படித்துவிட்டு நான் அப்போதே சொன்னேனே என்று எழுதவும் வேண்டாம்.

அண்ணி


ஜூலை 23

நாத்தனாருக்கு,

நாங்கள் நலம் என்று வழக்கம்போல எழுத வந்தேன். என்ன நலம் என்று இப்போது யோசித்து எழுத வேண்டியிருக்கிறது.

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. அப்போதே சொன்னேன் என்று எழுதியிருந்தால் உன்னோடு சண்டை போட்டிருப்பேன். அதற்குக்கூட வழியில்லாமல் செய்துவிட்டாய்.

இரண்டு காதிலும் குறை. காதோடு வாயை வைத்துக் கத்தினால் ஏதோ கொஞ்சம் விழும், மிச்சமெல்லாம் அவள் கண்ணால் பிடித்தது. முதலில் யார் கவனித்தது என்று டாக்டர் கேட்டார். நான்தான் என்று சொன்னேன். உன் அண்ணன் என்னைப் பார்த்தார். அது பொய்யில்லை. நீ வருவதற்கு எவ்வளவோ முன்னால், வீட்டில் யாரும் இல்லாதபோது, அவள் பின்னால் நின்று பாத்திரத்தைத் தட்டிப் பார்த்திருக்கிறேன். கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். யாரும் வாய்விட்டுச் சொல்லாதவரை அது வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தது. நீதான் கதவைத் திறந்து உள்ளே கூட்டி வந்தாய். அதனால்தான் உன்மேல் அப்படி ஒரு ஆத்திரம். இப்போதும் குறைந்துவிட்டது என்று நினைக்காதே.

காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின், இரண்டு காதுக்கும். மஞ்சள் நிறம் வேண்டும் என்று அவளே கையைக் காட்டினாள். போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று புல்டோசர் எதற்கோ அழுதான். இவள் பயந்து பின்னால் போய், பிறகு மெதுவாகக் கிட்டே வந்து, அவன் தாடையைப் பிடித்து வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். இத்தனை நாளும் அவன் சும்மா வாயைத் திறந்து மூடுகிறான் என்று நினைத்திருப்பாள் போல. கழிவறைத் தண்ணீரை இழுத்துவிட்டுக் கேட்டாள். தொட்டி காலியாகும்வரை விடவில்லை. வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தால் மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறாள். எனக்கும் அப்படி ஒன்று கிடைத்தால் தேவலை. மொழிபெயர்க்கிற வேலை போய்விடுமே என்று வக்கீல் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான்.

எல்லோருமாகச் சுற்றி உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். தன்னைத்தான் கூப்பிடுகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பெயர் தெரியுமா என்று சந்தேகம் என்று நீ எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்காக உன்னை நான் மன்னிப்பதாக இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறார்கள். இங்கே அப்படி வகுப்பு கிடையாது. உங்கள் ஊரில், சனிக்கிழமைகளில் இருக்கிறதாம். காலையில் அவளைக் கொண்டுவந்து விட உன் அண்ணனால் முடியும், இருந்து கூட்டி வர முடியாது, அவருக்குச் சனிக்கிழமையும் வேலை. எனக்கு இந்த இரண்டையும் விட்டுவிட்டு வர வழியில்லை.

உன்னிடம் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தகவல் சொல்கிறேன்.

அண்ணி


ஜூலை 30

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். தகவல் கிடைத்தது.

பதில் போடாததற்குக் காரணம், எழுதிய ஒவ்வொன்றிலும் நான் சொன்னேனே என்பது எப்படியோ வந்து உட்கார்ந்துகொண்டது. எழுதாமல் இருப்பதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது.

சனிக்கிழமை ஷிஃப்டை வேறொருவருக்கு மாற்றிவிட்டேன். வகுப்பு நடக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். மாடியில் இருக்கிறது, படிக்கட்டு சுத்தமாக இருக்கிறது, ஆசிரியை சின்ன வயதுப் பெண், கத்துவதில்லை. மாலையில் அண்ணன் வரும்வரை மகாராணி என் வீட்டில் இருக்கலாம். உடையக்கூடியவற்றை மேலே எடுத்து வைத்துவிட்டேன்.

முதல் நாள் வக்கீலைக் கூட அனுப்ப வேண்டாம். அவளுக்குப் பதிலாக அவனே பேசிவிடுவான்.

ஏப்ரலில் நீங்கள் எழுதியதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நான் இதைச் செய்வது உங்களுக்காக இல்லை.

நாத்தனார்


ஆகஸ்ட் 8

நாத்தனாருக்கு,

நாங்கள் நலம். எனக்காக இல்லை என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? ஏப்ரலில் எழுதியதை நானும் மறக்கவில்லை. திரும்ப எடுத்துக்கொள்ளவும் எனக்குத் தெரியவில்லை.

வருகிற சனிக்கிழமை அவளை அனுப்புகிறேன். கவனமாகப் படி.

மெஷினின் பேட்டரி சின்னது, பளபளவென்று இருக்கும். மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்வாள், கண் எடுக்காதே. தலையில் தண்ணீர் ஊற்றும் முன் இரண்டையும் கழற்றிவிடு. காது வலித்தால் சொல்லத் தெரியாது, கழுத்தைச் சாய்த்து வைத்துக்கொள்வாள். முட்டையில் மஞ்சளை மட்டும் தின்பாள், வெள்ளையை யார் மடி கிட்டே இருக்கிறதோ அதில் வைப்பாள். உன் வீட்டுக் கழிவறைத் தாழ்ப்பாளை முதலில் கழற்றி வை, பிறகு மற்ற வேலையைப் பார்.

பின்னாலிருந்து கூப்பிடாதே. மெஷின் இருந்தாலும் பயந்துபோகிறாள். முன்னால் போய், குனிந்து, அவள் முகத்துக்கு நேரே உன் முகத்தை வைத்து, அவளாகப் பார்க்கும்வரை காத்திரு. பிறகு பேசு. எவ்வளவு நேரமானாலும் காத்திரு.

இன்னொன்று. இதை எழுதலாமா என்று இந்தத் தாளை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். போன தடவை நீ வந்தபோதே அவள் உன் பின்னால் சுற்றினாள், எனக்குத் தெரியாமல் இல்லை. முதல் நாள் அவள் எப்படி இருந்தாள் என்று நீ எழுதுவாய். என்னைத் தேடாமல் சந்தோஷமாக இருந்தாள் என்று மட்டும் எழுதாதே. எப்படி இருந்திருந்தாலும் சரி, அழுதாள் என்று எழுது.

அண்ணி


ஆகஸ்ட் 17

அண்ணிக்கு,

நான் நலம். வீடும் பெரும்பாலும் நலம்.

அழுதாள்.

அண்ணன் விட்டுவிட்டுப் போனதும் ஜன்னலில் ஏறி நின்று, தெருவில் போன ஒவ்வொரு வண்டியின் ஹாரனுக்கும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கையைத் தட்டி அழுதாள். வகுப்பில் ஆசிரியை ஒரு சிறிய மணியை அடித்துவிட்டு ஒளித்து வைத்தார். எங்கே என்று தேடிக் கண்டுபிடித்து, அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி அழுதாள். மற்றப் பிள்ளைகளின் மணியையும் பிடுங்கி வைத்துக்கொண்டு அழுதாள். மத்தியானம் முட்டையின் வெள்ளை முழுவதையும் என் மடியில் வைத்தாள், அப்போதும் அழுகைதான். சாப்பிட்ட பிறகு வீட்டில் இருக்கிற எல்லாக் கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து படாரென்று சாத்திப் பார்த்து அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன சத்தம் என்று கேட்டார். பிள்ளை அழுகிறாள் என்று சொல்லி அனுப்பினேன்.

நீங்கள் எழுதியபடி முன்னால் போய்க் குனிந்து காத்திருந்தேன். முழங்கால் வலித்தது. வெகுநேரம் கழித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே என் கண்ணாடியைக் கழற்றி அவள் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் அதிகம் அழுதாள்.

இங்கிருந்து கிளம்பும்போது உங்கள் புகைப்படத்தைக் காட்டினேன். அதைத் திரும்பத் தரவில்லை. அதோடுதான் வண்டியில் ஏறினாள். இது மட்டும் நீங்கள் சொல்லி எழுதியதில்லை.

அடுத்த சனிக்கிழமையும் அழுவாள் என்று எதிர்பார்க்கிறேன். மாற்று உடை இன்னும் ஒன்று சேர்த்து அனுப்பவும்.

நாத்தனார்